பதினேழாம் நம்பர் ஜட்கா

எனக்குக் குதிரை என்றால் பயம். இதைச் சொல்ல இந்த வயதில் எனக்கு வெட்கமில்லை. அந்த வயதில் இருந்தது. அதனால் வந்த வினைதான் எல்லாம்.

பிறந்து வளர்ந்தது திண்டிவனம். ஏழு வயதில், மல்லாட்டை என்கிற வறுத்த வேர்க்கடலையைக் கொறித்துக்கொண்டு நான் பாட்டுக்குக் கடைத்தெருவில் போய்க்கொண்டிருந்தேன். ஓரமாக நின்றிருந்த ஜட்காக் குதிரை ஒன்று என் தோளைக் கவ்வி அப்படியே தூக்கிவிட்டது. சட்டையும் போயிற்று, தோலும் போயிற்று. வண்டிக்காரர் ஓடி வந்து, குதிரையை ஒரு வார்த்தை சொல்லாமல் என்னைத்தான் திட்டினார். பல் பதிந்த தழும்பு இன்னும் இருக்கிறது. அன்றிலிருந்து எங்கேயாவது குதிரை கனைத்தால் போதும், என் இரண்டு முழங்காலும் தனித்தனியாக ஆட ஆரம்பிக்கும்.

அப்படிப்பட்டவனுக்கு விழுப்புரத்தில் முனிசிபல் ஆபீசில் குமாஸ்தா வேலை கிடைத்தது. கிடைத்த வேலையிலும் லைசென்ஸ் மேஜையைக் கொடுத்தார்கள். லைசென்ஸ் மேஜை என்றால் ஓட்டல், மாவு மில், விறகுத்தொட்டி, திருவிழாக் கடை, அப்புறம் வாடகை வண்டி. வாடகைக் காருக்கு அனுமதி கொடுப்பவர்கள் கடலூரில் இருந்தார்கள். எங்கள் ஆபீசுக்கு வாடகை வண்டி என்றால் ஜட்காதான். ஜங்ஷனில் ரயில் வந்து நின்றால் வெளியே முப்பது குதிரைகள் வரிசையாகத் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கும். அந்த முப்பதுக்கும் கணக்குப்பிள்ளை நான். தலையெழுத்தைப் பாருங்கள்!

நயா பைசா புதிதாக வந்து, கடைக்காரரும் வாங்குபவரும் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. என் வேலை டெம்பரரி. சில மாதங்களுக்கு ஒரு முறை நீட்டிப்பு உத்தரவு வரும். வராவிட்டால் மறுநாள் வீட்டில் உட்கார வேண்டியதுதான். ஏற்கெனவே இரண்டு ஆபீசுகளில் அப்படி உட்கார்ந்தவன் நான். கல்யாணமாகி மனைவி முழுகாமல் இருந்தாள். தபால்காரர் ஆபீஸ் படியேறினால் அவர் கையைத்தான் பார்ப்பேன்.

ஜட்கா லைசென்ஸ் என்பது மனிதனுக்கு மட்டும் கொடுப்பதல்ல. இந்த மனிதன், இந்த வண்டி, இந்தக் குதிரை, மூன்றும் சேர்ந்துதான் ஒரு நம்பர். வருஷ ஆரம்பத்தில் ஆபீசுக்குப் பின்னால் இருந்த மைதானத்துக்கு எல்லோரும் வண்டியும் குதிரையுமாக வருவார்கள். மிருக டாக்டர் வாயைத் திறந்து பார்த்து, காலைத் தூக்கிப் பார்த்து, நோய் இல்லை என்பார். அதன் பிறகு குதிரையின் நிறம், வயது, அடையாளங்களைக் குமாஸ்தா கிட்டே போய்ப் பார்த்து ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். நடுவில் குதிரை செத்தாலோ விற்றாலோ வண்டிக்காரர் வந்து சொல்லி, புதுக் குதிரையை டாக்டரிடம் காட்டி, மறுபடி எழுதிக்கொள்ள வேண்டும். சொல்லாமல் வேறு குதிரையைப் பூட்டினால் லைசென்ஸ் ரத்து. பக்கத்தின் அடியில், ‘மேற்கண்ட குதிரைகளை நேரில் பார்வையிட்டுச் சரிபார்த்தேன்’ என்று இங்கிலீஷில் அச்சடித்திருக்கும். அதற்குக் கீழே என் கையெழுத்து.

கிட்டே போய்ப் பார்ப்பதா? நானா? மைதானத்தின் ஓரத்து வேப்பமரத்தடியில் மேஜையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வெயில் தாங்கவில்லை, தலைவலி என்று சாக்கு. எங்கள் ஆபீஸ் பியூன் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், கேலிக்காரர். அவர் குதிரைகளுக்கு நடுவே நின்று கூவுவார், நான் இங்கிருந்து எழுதுவேன்.

“இன்னா சார், குதிர உங்கள இன்னா முழுங்கிடப் போவுதா? வந்து பாருங்க சார்” என்று ஒரு முறை கூப்பிட்டுப் பார்த்தார்.

“நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன். ஆகட்டும், ஜல்தி” என்றேன்.

ரிஜிஸ்டரில் நம்பர்களை முதல் நாளே வரிசையாகப் போட்டு வைத்திருந்தேன். அவர் கூவக் கூவ, தலையை நிமிர்த்தாமல் அடுத்த வரியில் எழுதிக்கொண்டே போனேன். நிமிர்ந்தால் குதிரை தெரியுமே!

பதினேழாம் நம்பர்க்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பது வயது இருக்கும். ஒல்லி, எப்போதும் காதில் ஒரு பீடி. செவலைக் குதிரை, நெற்றியில் வெள்ளைச் சுட்டி, பின்னங்கால் இரண்டும் வெள்ளை. அதைக் குளிப்பாட்டி மணியெல்லாம் கட்டி வைத்திருப்பார். சாயங்காலம் நான் ஆபீசிலிருந்து நடந்து வரும்போது காலி வண்டியாகப் போனால், பக்கத்தில் வந்து நிறுத்துவார்.

“ஏறுங்க சார். சும்மாதான் போய்க்கினு இருக்குது.”

“இல்லைங்க, நடந்தாதான் எனக்கு உடம்புக்கு நல்லது” என்று சொல்லிவிட்டுத் தெருவின் அடுத்த ஓரத்துக்குப் போய்விடுவேன். அவர் சிரிப்பார். என் பயம் அவருக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். ஆனாலும் வாரத்துக்கு இரண்டு நாளாவது கேட்காமல் இருக்கமாட்டார். என் மனைவியைச் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவர் வண்டியில்தான் அனுப்புவேன். “மெதுவா ஓட்டுவாரு, குலுக்கவே குலுக்காது” என்பாள்.

ஆடி மாதம் வந்தது. கோலியனூர்த் திருவிழாவுக்கு ஜங்ஷனிலிருந்து ஜனங்கள் ஜட்காவில்தான் போவார்கள். அந்த வருஷம் எங்கோ குதிரைகளுக்குத் தொத்து வியாதி என்று மேலிடத்திலிருந்து தாக்கீது வந்தது. ஓடுகிற குதிரை எல்லாம் டாக்டர் பார்த்த குதிரைதானா என்று ரிஜிஸ்டரோடு ஒத்துப் பார்க்கச் சொல்லி உத்தரவு. எங்கள் சானிட்டரி இன்ஸ்பெக்டர் கண்டிப்பான மனிதர், அதே சமயம் நியாயஸ்தர். என் ரிஜிஸ்டரை வாங்கிக்கொண்டு ஜங்ஷனுக்குப் போனவர் மத்தியானம் திரும்பி வந்து என் மேஜையில் அதை வைத்தார்.

“எல்லாம் சரியா இருக்கு. பதினேழாம் நம்பர்தான் குதிரைய மாத்திட்டான். நீங்க எழுதினது சாம்பல் நிறம், இடது காதில வெட்டு, கட்டை வால். அவன் ஓட்டறது செவலை. கேட்டா, ‘இதாங்க எப்பவும் இருக்கிற குதிரை’ன்னு சாதிக்கிறான். ரத்துக்கு எழுதப்போறேன்” என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் போனதும் ரிஜிஸ்டரைத் திறந்தேன். பதினேழு: சாம்பல், இடது காதில் வெட்டு, கட்டை வால். என் கையெழுத்துதான். அதற்கு நேர் கீழே பதினெட்டு: செவலை, நெற்றியில் வெள்ளைச் சுட்டி, பின்னங்கால் இரண்டும் வெள்ளை.

பியூனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு யோசித்தார்.

“ஆமா சார். அன்னிக்கு அவரு குதிரைக்குத் தண்ணி காட்டத் தொட்டியண்ட இட்டுக்கினு போயிட்டாரு. பின்னாடி நின்ன பதினெட்டு முன்னாடி வந்துட்டான். நான் பாட்டுக்குக் கூவிட்டேன். நீங்க பார்ப்பீங்கன்னு…”

நான் பார்ப்பேன் என்று அவர் நினைத்திருக்கிறார். அவ்வளவுதான். ஒரு முறை தலையை நிமிர்த்தியிருந்தால் போதும். எதிரே நின்ற வண்டியில் எத்தனையாவது நம்பர் என்று தெரிந்திருக்கும்.

பதினெட்டாம் நம்பர்க்காரரைப் பிடித்துக் குதிரையைக் காட்டச் சொல்லலாம் என்றால், அவர் இரண்டு மாதத்துக்கு முன்பே லைசென்சை ஒப்படைத்துவிட்டு, குதிரையையும் சந்தையில் விற்றுவிட்டு, கெடார்ப் பக்கம் மாமனார் நிலத்தைப் பார்க்கப் போய்விட்டார். அந்த வரியைச் சிவப்பு மசியால் அடித்தவனும் நான்தான். அடித்தபோதும் படித்துப் பார்க்கவில்லை. லைசென்ஸ் காகிதத்தின் நகல் பதினேழாம் நம்பர்க்காரரிடம் இருந்தது. இங்கிலீஷில் எழுதியதை அவர் எங்கே படிக்கப் போகிறார்? தகர டப்பாவுக்குள் பத்திரமாக மடித்து வைத்திருந்தார்.

சானிட்டரி இன்ஸ்பெக்டரிடம் நேராகப் போய், “சார், வரி மாறிப்போச்சு” என்று சொன்னால் முடிந்தது. இரண்டு தடவை அவர் அறை வாசல் வரைக்கும் போனேன். வரி எப்படி மாறியது என்று கேட்பார். கிட்டே போய்ப் பார்க்கவில்லை என்று சொல்ல வேண்டும். அப்படியானால் முப்பது குதிரைக்கும் போட்ட கையெழுத்து பொய். டெம்பரரிக்காரன் பொய்க் கையெழுத்துப் போட்டால் நீட்டிப்பு எங்கே வரும்? அதைவிட, ஏன் பார்க்கவில்லை என்று கேட்டால்? குதிரைக்குப் பயந்தேன் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்வதா? இரண்டு தடவையும் திரும்பி வந்துவிட்டேன். சோறு இறங்கவில்லை. மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காய்ச்சல் இல்லையே என்றாள்.

லைசென்ஸ் கமிட்டி விசாரணைக்கு நாள் குறித்தார்கள். முதல் நாள் சாயங்காலம் பதினேழாம் நம்பர்க்காரர் ஆபீசுக்கு வந்தார். வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு முன் நின்றார்.

“சார், இன்னாவோ நம்ம குதிர நம்ம குதிரையே இல்லைன்றாங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கல. பேஜாரா கீது. ஊட்டுல அஞ்சு பேரு இந்தக் குதிரையத்தான் நம்பிக்கினு கீறாங்க. நீங்க எழுதினதுதானே? நீங்களே சொல்லிடுங்க சார்.”

“சொல்றேன். நாளைக்கு வாங்க” என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் சொல்லத்தான் நினைத்தேன்.

மறுநாள் கவுன்சில் ஹாலில் நீள மேஜை. நடுவில் சேர்மன், இரண்டு பக்கமும் அங்கத்தினர்கள், ஓரத்தில் சானிட்டரி இன்ஸ்பெக்டர். பின்னால் ஒரு ஸ்டூலில் நான், மடியில் ரிஜிஸ்டர். வாசலில் பியூன். முதல் விஷயம் ஜட்கா இல்லை. திருவிழாவுக்கு வளையம் போடுகிற கடை வைக்க ஒருவர் மனுக் கொடுத்திருந்தார். காசு கொடுத்து மூன்று வளையம் வாங்கி எறிய வேண்டும். எந்தச் சாமானைச் சுற்றி விழுகிறதோ அது நமக்கு. அது விளையாட்டா, சூதாட்டமா? சூதாட்டம் என்றால் அனுமதி இல்லை.

ஒரு அங்கத்தினர் சூதாட்டம்தான் என்றார். இன்னொருவர், கைத்திறமை இருந்தால் ஜெயிக்கலாம், ஆகவே சூதாட்டம் ஆகாது என்றார். கடைக்காரர் விவரமான ஆள், பையிலேயே வளையங்களும் ஒரு சோப்புக்கட்டியும் சீப்பும் பவுடர் டப்பாவும் கொண்டுவந்திருந்தார். கீழே பரப்பிவிட்டார். பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராக எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வளையம் எறிந்தார்கள். ஒரே சிரிப்பு. சேர்மன் எறிந்த மூன்றாவது வளையம் சோப்பின் மேல் போய் விழுந்தது. “அடடே! கை வந்துடுச்சே!” என்று கைதட்டினார்கள். திறமைதான் என்று தீர்மானமாகி, அனுமதி கொடுத்தாயிற்று. அரை மணி நேரம் ஆனது அதற்கு. நான் மட்டும் சிரிக்கவில்லை. என் பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

“அடுத்தது இன்னா?” என்று சேர்மன் சிரிப்பு அடங்காமலே கேட்டார். பதினேழாம் நம்பர்க்காரரைக் கூப்பிட்டார்கள். வந்து கும்பிட்டு நின்றார். என்னை ஒரு முறை பார்த்தார். நான் ரிஜிஸ்டரைப் பார்த்தேன்.

சேர்மன் கெட்டவர் இல்லை. நிதானமாகத்தான் கேட்டார். “ஏம்பா, வருஷ ஆரம்பத்தில மைதானத்துல குமாஸ்தா உன் குதிரைய வந்து பார்த்தாரா?”

பதினேழாம் நம்பர்க்காரருக்கு என்ன எழுதியிருக்கிறது என்பது தெரியாது. நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தது மட்டும் நன்றாகத் தெரியும். மறுபடி என்னை ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னார்.

“பார்த்தாருங்க. தொட்டுப் பார்த்துதான் எழுதினாருங்க.”

வாசலில் பியூன் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. அந்த நேரத்தில், வெட்கம் கெட்டவன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

“சரி, எழுதினதைப் படியுங்க” என்றார் சேர்மன்.

படித்தேன். இங்கிலீஷில் படித்து, தமிழிலும் சொன்னேன். சாம்பல் நிறம். இடது காதில் வெட்டு. கட்டை வால்.

வண்டிக்காரர் முகம் மாறியது. “ஐயா, அது பதினெட்டாம் நம்பரு குதிரைங்க! பக்கத்து வண்டிங்க அது!” என்று கையை நீட்டினார்.

“பதினெட்டாம் நம்பர் இருக்கானா?” என்று சேர்மன் என்னைக் கேட்டார்.

“லைசென்ஸ் சரண்டர் பண்ணிட்டார் சார். அடிச்சாச்சு.”

“குதிரை?”

“வித்துட்டார் சார்.”

இரண்டும் நிஜம். ரிஜிஸ்டர் என் மடியில் திறந்தே இருந்தது. பதினெட்டாம் வரி என் இடது கட்டைவிரலுக்குக் கீழே இருந்தது. செவலை, நெற்றியில் சுட்டி. விரலை எடுத்துவிட்டு இந்த வரியையும் கொஞ்சம் கேளுங்கள் என்று சொன்னால் அந்த மனிதன் பிழைத்துப் போவான். விரலை எடுக்க முடியவில்லை. இன்னும் அழுத்தினேன். சிவப்பு மசி வியர்வை ஈரத்தில் விரலில் ஒட்டிக்கொண்டது.

சேர்மன் கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்தார். எனக்கா அவருக்கா, தெரியவில்லை. “ஏங்க, எழுதும்போது மாறிகீறிப் போயிருக்குமா?”

“இல்லைங்க சார். ஒவ்வொண்ணா பார்த்துத்தான் எழுதினேன்.”

என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர்களுக்குக் கேட்டுவிட்டது.

அதன் பிறகு வண்டிக்காரர் வாயைத் திறக்கவில்லை. இந்த ஆள் மரத்தடியை விட்டு எழுந்திருக்கவே இல்லை என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்வார், சொல்லிவிடுவார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். டாக்டர் பார்க்காத குதிரையை ஜனங்கள் ஏறும் வண்டியில் பூட்டியது பெரிய குற்றம், தொத்து வியாதிக் காலம் வேறு, லைசென்ஸ் ரத்து என்று தீர்மானமானது. எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். எழுதிக்கொண்டேன்.

வெளியே முற்றத்தில் பியூன் ஸ்பானரை வைத்துக்கொண்டு வண்டியின் பின்னாலிருந்து நம்பர் தகட்டைக் கழற்றினார். துருப்பிடித்த மரை சீக்கிரத்தில் வரவில்லை. வண்டிக்காரர் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அன்றுதான் முதல் தடவையாக அந்தக் குதிரையை ஒழுங்காகப் பார்த்தேன்.

தகட்டை என் மேஜையில் வைத்துவிட்டுப் பியூன் சொன்னார்: “ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் சார்.” கதவு வரை போய்த் திரும்பி, “நானுந்தான் கம்முனு நின்னுக்கினு இருந்தேன். எனக்கும் புள்ளகுட்டி கீது” என்றார். அதற்கப்புறம் என்னைக் கேலி செய்வதை விட்டுவிட்டார்.

ஒரு வாரம் கழித்து மனைவி கேட்டாள்: “அந்தச் செவலைக் குதிரை வண்டியக் காணோமே?” ஊருக்குப் போயிருப்பார் என்றேன். வேறு வண்டியில் போய்விட்டு வந்து, குலுக்கல் தாங்கவில்லை என்று படுத்துக்கொண்டாள். நான் மாதக்கணக்கில் ஜங்ஷன் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. ஆபீஸ் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அவர்தானோ என்று நடுங்குவேன். அவர் வரவேயில்லை. குடும்பத்தோடு ஊரை விட்டே போய்விட்டார் என்றார்கள்.

இத்தனைக்கும் எதைக் காப்பாற்றிக்கொள்ள இதைச் செய்தேனோ, அந்த வேலை அதற்கப்புறம் நாலே மாதம்தான். நீட்டிப்பு வரவில்லை. பணியிடமே இல்லை என்று எழுதிவிட்டார்கள். கைக்குழந்தையோடு திண்டிவனத்துக்குத் திரும்பினோம். நாலு மாதத்துக்காகவா ஒரு மனிதனைத் தெருவில் நிறுத்தினாய் என்று என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

திண்டிவனத்தில் அங்கே இங்கே அலைந்து, கடைசியில் மறுபடியும் முனிசிபல் குமாஸ்தா. இந்தத் தடவை நிரந்தரம். சில வருஷம் வரி மேஜை. பிறகு, அறுபதுகளின் நடுவில், லைசென்ஸ் மேஜை. அதற்குள் சைக்கிள் ரிக்‌ஷாக்கள் வந்துவிட்டன. ஜட்காக்கள் பாதிகூட இல்லை. அந்த வருஷப் பார்வைக்குக் குதிரைகள் வந்த அன்று, மேஜையை எங்கே போடுவது என்று பியூன் கேட்டார். அவர் வேறு ஆள், சின்ன வயது. நடு மைதானத்தில் போடச் சொன்னேன். முழங்கால் ஆடத்தான் செய்தது. ஒவ்வொரு குதிரையாகக் கை நீட்டும் தூரம் வரை போய்ப் பார்த்து எழுதினேன்.

வரிசையின் கடைசியில் ஒரு செவலைக் குதிரை நின்றது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. பின்னங்கால் இரண்டும் வெள்ளை. முகமெல்லாம் நரைத்து, கண்ணுக்கு மேலே குழி விழுந்திருந்தது. லகானைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். தலை முழுதும் வெளுத்துவிட்டது. காதில் பீடி.

நான் ரிஜிஸ்டரை மூடி, மறுபடி திறந்தேன். அவர்தான் முதலில் பேசினார்.

“நல்லா கீறீங்களா சார்?”

“இருக்கேன். நீங்க…”

“பெருமுக்கல் பக்கம் ஓட்டிக்கினு இருந்தேன். கிராமத்துல லைசென்ஸ் கேக்க ஆளில்ல. இப்ப அங்க பஸ்ஸு வந்துட்டுது. டவுனுலதான் ஓட்டணும், அதான் வந்தேன்.” லகானைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, “இந்த வாட்டியாவது கிட்ட வந்து பாருங்க சார்” என்றார்.

கேலியாகச் சொல்லவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“ஏங்க அன்னைக்கு அப்படிச் சொன்னீங்க?” என்று கேட்டேன். இத்தனை வருஷமாக உள்ளே கிடந்த கேள்வி. “நான் தொட்டுப் பார்த்தேன்னு ஏன் சொன்னீங்க?”

அவர் குதிரையின் பிடரியைக் கோதிக்கொண்டே சொன்னார்: “நீங்க அந்த ஸ்டூலு மேல ஒக்காந்துக்கினு நடுங்கிக்கினு இருந்தீங்க. சின்ன வயசு. ஊட்டுக்காரம்மா வேற புள்ளத்தாச்சி, நம்ம வண்டியிலதான வருவாங்க. உங்க பொழப்புக்கு இன்னாத்துக்கு நம்மால கெடுதின்னு நெனச்சேன். நான் உங்களக் காப்பாத்திட்டா நீங்க என்னக் காப்பாத்துவீங்கன்னு நெனச்சிட்டேன் சார்.”

“தப்புப் பண்ணிட்டேங்க. மன்னிச்சிடுங்க” என்றேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். பியூன் திரும்பிப் பார்த்தார்.

அவர் லகானைப் பிடித்துக் குதிரையை என் பக்கம் திருப்பினார். “எழுதுங்க சார், வெயிலு ஏறுது” என்றார்.

கிட்டே போனேன். கையை அதன் நெற்றியில், அந்தச் சுட்டியின் மேல் வைத்தேன். வெதுவெதுவென்று இருந்தது. அது மூச்சு விட்டபோது என் உடம்பே தூக்கிப் போட்டது. கையை எடுக்கவில்லை. நிறம், சுட்டி, கால்கள், வலது முட்டியில் ஒரு பழைய காயத்தின் வடு, எல்லாம் பார்த்து எழுதினேன். வயது என்கிற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. வயதான குதிரைக்கு லைசென்ஸ் கிடையாது. விழுப்புரத்து ரிஜிஸ்டரில், பதினெட்டாம் வரியில், இதன் வயது எட்டு என்று எழுதியது நான். அதற்குமேல் எத்தனை வருஷம் ஆயிற்று என்று எனக்கு ஒரு நாள் கூடத் தவறாமல் தெரியும். அவர் என்னைப் பார்த்தார். வயதைக் கேட்கவா வேண்டாமா என்று நான் நிற்க, அவர் சொல்லவா வேண்டாமா என்று நின்றார்.

பத்து என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.

மிருக டாக்டர் அன்று அவசரத்தில் இருந்தார். நடக்கவிட்டுப் பார்த்துவிட்டு நோய் இல்லை என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். கமிஷனர் அறையில்தான் வம்பு. பக்கத்தைப் புரட்டிக்கொண்டே வந்தவர் அந்த வரியில் நின்றார்.

“இந்தக் குதிரைய நான் வாசல்லயே பார்த்தேன். ரொம்பக் கிழமா தெரியுதே. பத்து வயசுதானா? நேர்ல பார்த்தீங்களா, யாராவது சொல்லி எழுதினீங்களா?”

நிரந்தர வேலையும் போகும் இதில். என்னை நம்பி வீட்டில் இப்போது மூன்று பேர்.

“தொட்டுப் பார்த்துதான் எழுதினேன் சார்” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அந்தக் குதிரை அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் ஓடியது. அந்த ஒன்றரை வருஷமும், எங்கே தெருவில் விழுந்து தொலைக்குமோ, யார் வந்து ரிஜிஸ்டரைக் கேட்பார்களோ என்று பயந்துகொண்டேதான் ஆபீசுக்குப் போய்வந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மழைக்காலத்தில் அது கொட்டகையிலேயே படுத்துச் செத்துப்போனது. அவர் வந்து தகட்டை ஒப்படைத்துவிட்டு, மகன் ஊருக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஓடிய நாளெல்லாம் சாயங்காலம் நான் ஆபீசிலிருந்து நடந்து வரும் நேரத்தில், பல நாள் அந்த வண்டி காலியாகவே என்னைத் தாண்டிப் போகும். மணிச் சத்தம் கேட்டதும், கூப்பிட்டால் ஏறிவிடுவது, பயத்தைப் பார்க்காமல் ஏறிவிடுவது என்று ஓரமாக நின்றுவிடுவேன். அவர் கையை உயர்த்தி ஒரு வணக்கம் வைப்பார். ஏறச் சொல்லி ஒரு நாளும் கேட்டதில்லை.